பதினொரு முறை திருப்தி

எங்கள் வீட்டு வைஃபை பெட்டியில் ஐந்து விளக்குகள். நான்கு பச்சை, ஒன்று சிவப்பு. பச்சை நான்கும் எதற்காக எரிகின்றன என்று இந்த இரண்டு வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிவப்பு எதற்கு என்பதை மட்டும் ஒரு புதன்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன். அது எரிந்தால் இன்டர்நெட் செத்துவிட்டது என்று பொருள். மற்ற நான்கும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் எரிந்துகொண்டிருக்கும். அந்த நிறுவனத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தாலே போதும். எனக்குத்தான் புத்தி வரவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். செய்தி, படம், வேடிக்கை எதற்கும் எனக்கு இன்டர்நெட் வேண்டாம். என் தங்கையோடு பேச வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கையால் பேசுவாள். கடல் தாண்டி ஒரு நகரத்தில் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. கிளம்புவதற்கு முன்னால் தன் பெயரில், தன் செல்போன் எண்ணைக் கொடுத்து இந்த இணைப்பை வாங்கி, எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டவைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கை வலிக்க வலிக்கப் பேசுவோம்.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது. தங்கையின் வலது மணிக்கட்டில் ஒரு கட்டி, நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். கட்டியை எடுத்துவிடலாம், விரல்கள் பழையபடி மடங்குமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் எழுதிக் காட்டிவிட்டார்.

எங்கள் கைப்பேச்சு பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதல்ல. சின்ன வயதில் நாங்களே செய்துகொண்டது. முந்நூறு சொல் தேறும். 'விருந்தாளி கிளம்ப மாட்டேன் என்கிறார்' என்பது அதில் ஒரே சொல். 'மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது' என்பதும் ஒரே சொல். உலகத்தில் இந்தப் பாஷை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், அரைகுறையாக என் மனைவி. இதில் நூற்று அறுபது சொல்லுக்கு இரண்டு கையும் வேண்டும். வலது கை போய்விட்டால் எதை எப்படி இடது கையால் சொல்வது என்று ஆபரேஷனுக்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பழைய சொல்லைக் காட்டக்கூடக் கை இருக்காது என்று தங்கை சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை பட்டியல் போட்டாள். புதன்கிழமை சிவப்பு எரிந்தது.

செல்போனில் பேச வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால். எழுத்து போகும், படம் போகாது. கடைத்தெருவில் இலவச வைஃபை உள்ள இடத்தில் முயன்றேன். குரல் விட்டு விட்டு வந்தால் ஒப்பேற்றிவிடலாம். கை நடுவில் உறைந்துபோனால் அது எந்தச் சொல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. நாலு நிமிடம் தங்கையின் தூக்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன். வேறு கம்பெனியில் கேட்டேன், கம்பி இழுக்கப் பதினைந்து நாள் என்றார்கள். மாடி வீட்டுக்காரருக்கும் எங்கள் நிறுவனம்தான், அதே கம்பி, அதே சிவப்பு. அவர் நம்பிக்கையை விட்டுவிட்டுச் செடி வளர்க்க ஆரம்பித்திருந்தார்.

ஆகவே புகார் எண்ணை அழைத்தேன். பதினேழு நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம் சார், நான் உங்க மகிழ்ச்சித் தோழி பேசறேன்."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். எந்தக் குரலுக்குப் பின்னால் உதவி உண்டு, எதற்குப் பின்னால் இல்லை என்பது அவளுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும். உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பெட்டிய ஆஃப் பண்ணி, முப்பது எண்ணி, ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணிப் பாத்துட்டேம்மா. நாலு தடவ."

"நான் சொன்னப்புறம் பண்ணினாத்தான் சார் கணக்கு."

அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன். சிவப்பு.

"சத்தமா எண்ணினீங்களா சார்?"

"மனசுக்குள்ள எண்ணினேன்."

"எங்களுக்குக் கேக்கணும் சார். பதிவாகணும்."

ஐம்பது வயது மனிதன் கூடத்தின் நடுவில் நின்று முப்பது வரை உரக்க எண்ணினேன். சிவப்பு. பெட்டியை ஒரு முழம் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். கிழக்கே திருப்பச் சொன்னாள். திருப்பினேன். வீட்டில் மீன் தொட்டி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்கே வருத்தமாகிவிட்டது.

"முகம் பாக்குற கண்ணாடி இருக்கா சார்?"

"கூடத்துல பெருசா ஒண்ணு இருக்கு."

"அதான் சார் விஷயம். வைஃபை அதுல பட்டுத் திரும்பிப் போயிடுது. கழட்டிடுங்க."

கண்ணாடியில் எது படும், எது திரும்பும் என்பது என் பிழைப்பு. "வெளிச்சம்தாம்மா திரும்பும்" என்றேன்.

"இதுவும் வெளிச்சம்தான் சார். கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான். கழட்டலேன்னா புகார் பதிய முடியாது."

கழற்றினேன். புகார் பதிவானது. அன்றிலிருந்து என் மனைவி டிபன் டப்பா மூடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனாள். வகிடு ஒரு நாளும் நேராக இல்லை, அதற்கு நான்தான் காரணம் என்று ஒரு நாளும் சொல்லாமல் இருக்கவில்லை.

மறுநாள் பதினொன்றரை மணிக்குத் தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நிறுவனம் அவளுக்கு அனுப்பியதை எனக்கு அனுப்பியிருந்தாள். 'தங்கள் புகார் முழுத் திருப்தியுடன் முடிக்கப்பட்டது. நன்றி.' கீழே அவள் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். நான்கு பச்சை, ஒரு சிவப்பு.

மறுபடி அழைத்தேன், மறுபடி பதினேழு நிமிடப் பாட்டு, மறுபடி முப்பது எண்ணினேன். மறுநாள் பதினொன்றரைக்கு அதுவும் முழுத் திருப்தி. பொறுமை போய் ஒரே நாளில் இரண்டு, மூன்று என்று கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் கூண்டோடு திருப்தியாயின. மாடி வீட்டுக்காரர் படியில் பார்த்து, "ரோஜாப் பதியன் ஒண்ணு தரட்டுமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை ஒரு லைன்மேன் வந்தார். அலுத்துப்போன மனிதர், ஆனால் நல்லவர். பெட்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தெருக் கம்பத்தைப் பார்த்தார்.

"அதோ பாருங்க சார், கம்பத்துல. அணில் கடிச்சு வெச்சிருக்கு. ரெண்டு வீட்டுக்கும் போயிடுச்சு."

எனக்கு உயிர் வந்தது. "ஏறி ஒட்டிடுங்க. நான் ஏணி பிடிக்கிறேன்."

"என் வேலை சுவத்துக்கு உள்ள சார். கம்பம் வெளிப் பிரிவு."

"அப்போ வெளிப் பிரிவ வரச் சொல்லுங்க."

"புகாருக்கு ரெண்டு நாள் வயசாகணும் சார், அப்பத்தான் அவங்களுக்குப் போகும். உங்க புகார் எதுவும் ஒரு நாளைக்கு மேல உயிரோட இல்லையே."

ஏன் என்று கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார். ஒவ்வொரு புகாருக்கும் மறுநாள் காலை பதினோரு மணிக்கு இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய எண்ணை ஒரு இயந்திரம் கூப்பிடும். 'எங்கள் சேவையில் குறை இருந்தால் இப்போது சொல்லுங்கள்' என்று கேட்கும். பத்து விநாடி காத்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் பேச்சு வராவிட்டால் முழுத் திருப்தி என்று குறித்துக்கொண்டு புகாரை மூடிவிடும்.

"அவளுக்குக் காது கேக்காது, வாய் பேச வராது."

"அது மிஷினுக்குத் தெரியாதே சார்."

"போனை எடுக்காதேன்னு சொல்லிடறேன்."

"எடுக்கலேன்னா, வாடிக்கையாளருக்கு அக்கறை இல்லன்னு மூடிடும்."

"சரி, என் நம்பரக் குடுத்து மாத்திடலாம்."

"மாத்தலாம் சார். யார் பேர்ல இருக்கோ அவங்க வாயால சம்மதம் சொல்லணும்."

நான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பயந்துபோய், "நீங்க பேசாம இருக்காதீங்க சார், எனக்கே பழக்க தோஷத்துல திருப்தின்னு எழுத வருது" என்றார்.

"பாத்தத மட்டுமாவது எழுதிட்டுப் போங்க. கம்பி அறுந்திருக்குன்னு."

"எழுதினா, சுவத்துக்கு வெளிய எதுக்குப் பாத்தேன்னு கேப்பாங்க." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார். ஆனா நான் சொன்னேன்னு மாட்டிடாதீங்க, அப்புறம் புகார் செல்லாது."

திங்கட்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். அந்த அலுவலகத்துக்கு வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம் என்று பெயர். வாசலில் டோக்கன் இயந்திரம். அதில் மூன்று பொத்தான்கள்: சிரிக்கிற முகம், நன்றாகச் சிரிக்கிற முகம், விழுந்து விழுந்து சிரிக்கிற முகம். ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் டோக்கன் வரும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நன்றாகச் சிரிக்கிற முகத்தை அழுத்தினார்.

மேலாளர் திரையில் என் எண்ணைத் தட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார்.

"பதினொண்ணு" என்றார்.

"ஆமா சார், பதினோரு புகார். ஒண்ணு கூட..."

"பதினோரு புகார், பதினோரு முழுத் திருப்தி. சார், நான் இந்த நாற்காலியில ஒன்பது வருஷமா இருக்கேன். இப்படி ஒரு வாடிக்கையாளரப் பாத்ததில்ல." என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை.

தங்கைக்குக் காது கேட்காது என்று சொன்னேன். அவர் முகம் இன்னும் மலர்ந்தது.

"அதுல என்ன சார் குறை? மத்த கம்பெனியெல்லாம் சத்தம் போடுறவங்களுக்குத்தான் பயப்படுது. நாங்க மட்டும்தான் சத்தம் போடாதவங்களையும் கணக்குல சேத்துக்குறோம். போன காலாண்டுல எங்களுக்குக் கிடைச்ச திருப்தியில நூத்துக்கு நூறும் பேசாதவங்க குடுத்தது. பேசினவங்க ஒருத்தர் கூட திருப்தின்னு சொல்லல. அது அவங்க சுபாவம், நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"சார், கம்பத்துல கம்பி அறுந்து கெடக்கு."

"நீங்களே யோசிச்சுப் பாருங்க சார். கம்பி அறுந்து கெடக்கும்போதே ஒருத்தர் பதினோரு தடவ திருப்தியா இருக்காங்கன்னா, கம்பிய ஒட்டிட்டா அவங்க எங்க போவாங்க?"

என்னை ஏதோ ஒரு மலையுச்சியில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டது போல இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அதற்குள் யாருக்கோ போன் போட்டுவிட்டார். இந்த ஆண்டின் 'உச்சத் திருப்தி விருது' என் தங்கைக்கு. விருதைச் சேவை நடக்கும் இடத்திலேயே, அதாவது எங்கள் வீட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துத் தருவது நிறுவனத்தின் மரபாம். புதன்கிழமை மண்டல மகிழ்ச்சி அதிகாரி நேரில் வருவார். வாய்க்கு வந்தபடி நாலு கேள்வி கேட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்தபோது அவர் சொன்னார்: "தங்கச்சி வீடியோவுல வந்து ஏற்புரை தரணும் சார், அது கட்டாயம்."

வாயை மூடிக்கொண்டேன். "எந்த லைன்ல சார் வருவா?"

"நாங்க வண்டியில தனி லைன் கொண்டுவருவோம். கண் இமைக்கிறது வரைக்கும் தெரியும்."

"கை?"

"கை ரேகை தெரியும் சார்."

விழுந்து விழுந்து சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்தது. கூரையில் கொக்கு மாதிரி ஒரு கம்பி. இறக்கி வைத்த பெட்டியில் ஒரு பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. என் மனைவி குனிந்து தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது வேற கம்பெனி பேரால்ல இருக்கு?"

வயர் இழுத்துக்கொண்டிருந்த பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "விழாவுக்கெல்லாம் அவங்க லைன்தான் மேடம். நடுவுல நின்னுடக் கூடாதில்ல."

கண்ணாடி கழற்றிய வெற்றிடத்தில் பெரிய திரையை மாட்டினாள். மாட்டிவிட்டு என்னிடம் வந்து ஒரு எச்சரிக்கை சொன்னாள். "சார், யாராவது பேசிக்கிட்டே இருக்கணும். பத்து செகண்ட் சத்தம் வரலேன்னா எல்லாரும் திருப்தியா போயிட்டாங்கன்னு நெனச்சு எங்க சாப்ட்வேர் கட் பண்ணிடும். ஒரு தடவ கட்டாயிட்டா இன்னைக்கு அவ்ளோதான். தலைமை அலுவலகத்துல மறுபடி அனுமதி வாங்கணும்."

"அதிகாரி எவ்வளவு நேரம் பேசுவாரு?"

"பத்து நிமிஷம்னு போட்டிருக்கு."

நூற்று அறுபது சொல். ஒரு சொல்லுக்குப் பத்து விநாடி வைத்தால்கூட இருபத்தேழு நிமிடம் வேண்டும். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க தங்கச்சியப் பாருங்க. அந்த ஆள நான் பாத்துக்குறேன். எட்டு மணி நேரம் ஜனங்க என்னைப் பேசவெச்சே கொல்றாங்க. எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

அதிகாரி வந்தார். சின்ன உருவம், பெரிய கோப்பு. எங்கள் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றார். திரை விழித்துக்கொண்டது. மருத்துவமனைக் கட்டிலில் என் தங்கை. மடியில் பட்டியல். வலது மணிக்கட்டில் டாக்டர் நீல மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார். எட்டு நாள் கழித்து அவள் முகத்தைத் தெளிவாகப் பார்த்ததும் நலம் விசாரிக்கக் கையைத் தூக்கினேன். அவள் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை.

'எவ்வளவு நேரம் இருக்கு?' என்று கை கேட்டது.

'இந்த ஆள் வாயை மூடற வரைக்கும்.'

'அப்போ ஆரம்பி.'

"பெரியோர்களே" என்று அதிகாரி ஆரம்பித்தார். கூடத்தில் இருந்த பெரியோர் என்றால் நான், என் மனைவி, மேலாளர், வயர்ப் பெண், புகைப்படக்காரர், ரோஜாச் செடியோடு மாடி வீட்டுக்காரர். "ஒரு நிறுவனம் எப்போ வளரும்? குறைகளக் கேக்குறப்பவா? இல்ல. கேக்குறத நிறுத்துறப்ப."

'மழை'க்கு இரண்டு கை விரல்களும் மேலிருந்து உதிர வேண்டும். இடது கை மட்டும் உதிர்ந்தது. சரி என்றேன். 'மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது'க்கு உதிர்ந்த கையைப் பாதியில் மூடிக்கொண்டாள். அது பழையதைவிட நன்றாகவே இருந்தது. 'கதவு', 'கல்யாணம்', 'கடன்காரன்' எல்லாம் மளமளவென்று நடந்தன. 'விருந்தாளி கிளம்ப மாட்டேன் என்கிறார்' என்பதற்கு இரண்டு உள்ளங்கையும் முழங்காலில் ஊன்ற வேண்டும். ஒரு கையை ஊன்றிக்கொண்டு அதிகாரியை நோக்கிக் கண்ணைக் காட்டினாள். நான் சிரித்துவிட்டேன்.

"பாத்தீங்களா, அண்ணன் சிரிக்கிறாரு, தங்கச்சி கை தட்டிக்கிட்டே இருக்காங்க" என்றார் அதிகாரி. "நான் சேந்த காலத்துல ஒரு நாளைக்கு நாலாயிரம் புகார். இன்னைக்கு நாப்பது. எப்படிச் சாதிச்சோம்? புகார் எண்ண யாருக்கும் ஞாபகம் இருக்காத மாதிரி மாத்தினோம். பாட்ட நீட்டினோம். பாட்டு நல்லா இருந்தா பாதிப் பேர் புகாரயே மறந்துடுறாங்க."

'பயம்' என்பது எங்களுக்கு இரண்டு முஷ்டியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. அவள் இடது முஷ்டியால் தன் நெஞ்சில் தட்டினாள். தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. மறுபடி தட்டினாள். அது பட்டியலுக்காக இல்லை என்று எனக்குப் புரிந்தது. நானும் என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள்.

அடுத்து அவள் காட்டியதில் கட்டை விரல் உள்ளே இருக்க மூடிய முஷ்டி, மூக்குக்கு நேராக இரண்டு முறை ஆடியது. அது 'அடைத்துக்கொண்ட கக்கூஸ்'. சின்ன வயதில் எங்கள் வீட்டில் அடிக்கடி தேவைப்பட்ட சொல். ஒரு கையே போதும், மாற்ற வேண்டியதில்லை. பட்டியலில் தவறி ஏறியிருந்தது, கோடு போட்டு அடித்துவிட்டாள்.

பதினொன்றாவது நிமிடத்தில் அதிகாரி கோப்பை மூடப் போனார். எழுபது சொல் பாக்கி.

"சார்" என்றாள் என் மனைவி, கவுண்டரில் அவளைப் படுத்துகிறவர்களின் அதே குரலில். "நீங்க இந்த நிலைமைக்கு எப்படி வந்தீங்கன்னு சொல்லவே இல்லையே."

அதிகாரி கோப்பைத் திறந்தார். ஏழு நிமிடம் ஓடியது. தன்னை யாரும் ஏன் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு ஐந்து நிமிடம். பதவி உயர்வு தள்ளிப்போன கதைக்கு மூன்று. ஒவ்வொரு முறை அவர் மூச்சு வாங்கியபோதும் என் மனைவி, "அப்புறம்?" என்றாள். இந்த எட்டு நாளில் அந்த நிறுவனத்தால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அந்த மனிதரின் வாய்தான்.

நூற்று ஐம்பத்தொன்பதாவது சொல் முடிந்தபோது புகைப்படக்காரர் கையைத் தூக்கினார். "எல்லாரும் ஒரு நிமிஷம் அசையாம, பேசாம நில்லுங்க. விருதோட ஒரு படம்." என் கையில் சட்டம் போட்ட சான்றிதழைத் திணித்தார்கள். அதிகாரி வாயை மூடிப் புன்னகைத்தார். கூடத்தில் சத்தம் நின்றுபோனது.

ஒரு சொல் பாக்கி இருந்தது. என் பெயர்.

அவள் என்னைக் கூப்பிடுவது இரண்டு முஷ்டியால், சைக்கிள் ஹேண்டில் பிடிப்பதுபோல. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் நாள் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி, 'விட்டுட்டேன்' என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. அதனால் பயப்படாமல் தெரு முனை வரை போய்விட்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு சைக்கிள். அந்தச் சொல்லைத்தான் கடைசியாக வைத்திருந்தாள். இரண்டு முஷ்டியையும் தூக்கி ஒரு முறை காட்டினாள். வலது முஷ்டியைக் கீழே இறக்கினாள். எனக்குள் ஆறு, ஏழு என்று எண்ணிக்கை ஓடியது. எண்ணத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்களே.

கையில் இருந்ததைத் தூக்கி உரக்கப் படித்தேன். "இந்நிறுவனத்தின் சேவையில் நான் முழுத் திருப்தி அடைந்தேன் என்றும், எனக்கு எந்தக் குறையும் இல்லை என்றும், இனியும் இருக்காது என்றும்..."

புகைப்படக்காரர் திகைத்தார். நான் நிறுத்தவில்லை. கண் திரையில். தங்கை இடது கையை விரித்து, உள்ளங்கையை முன்னால் நீட்டி, எதையோ மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தாள். சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற கை. இத்தனை வருடம் நான் அவளுக்கு ஹேண்டிலாக இருந்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் பின்னால் ஓடி வந்தவனையும் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள்.

"...முழு மனதுடன் உறுதி அளிக்கிறேன்" என்று படித்தேன். முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். "இந்நிறுவனத்தின் சேவையில் நான்..." கண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை. வலது கையில் சான்றிதழ். இடது கையால் அந்தப் பெயரை அவளுக்குத் திருப்பிச் செய்து காட்டினேன். சரியாகச் செய்தேனா என்று பார்த்தாள். தலையாட்டினாள்.

மேலாளர் அழுதுவிட்டார். அதிகாரி தழுதழுத்தார். "எடுங்க, எடுங்க, வீடியோ எடுங்க. ஒரு வாடிக்கையாளர் நம்ம சான்றிதழப் படிச்சு அழுறத நான் பாத்ததே இல்ல." திரைக்கு முன்னால் போய் என் தங்கையை நோக்கிக் கைகூப்பினார். "தங்கச்சி நிறுவனத்தப் பத்தி ஏதாவது சொல்லட்டும்."

தங்கை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடது முஷ்டியை மூடினாள். கட்டை விரல் உள்ளே. மூக்குக்கு நேராக, நிதானமாக, இரண்டு முறை.

"என்ன சார் சொல்றாங்க?"

"உங்களுக்குத்தான் சார். எங்க பாஷையில இதவிடப் பொருத்தமான சொல் கெடையாது."

அவரும் பக்தியோடு முஷ்டியை மூடி இரண்டு முறை ஆட்டினார். மேலாளர் ஆட்டினார். அதற்குள் நானும் என் மனைவியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசாமல் நின்றதில் பத்து விநாடி ஓடிவிட்டது. திரை அணைந்தது. 'அனைவரும் திருப்தி' என்று எழுத்து வந்தது.

ஆபரேஷன் முடிந்து கட்டி போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல் மடங்குகிறது, மூன்று மடங்கவில்லை. பதினைந்து நாளில் வேறு கம்பெனி கம்பி இழுத்துவிட்டது. சாயங்காலம் திரை விழித்ததும் தங்கை இடது உள்ளங்கையால் என்னை மெல்லத் தள்ளிக் கூப்பிடுகிறாள். கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டோம், மனைவியின் வகிடு நேராகிவிட்டது.

பழைய இணைப்பை நிறுத்த முடியவில்லை. அதற்கும் தங்கை வாயால் சொல்ல வேண்டுமாம். நிறுவனத்தின் விளம்பரம் மட்டும் ஊரெல்லாம் வந்துவிட்டது. நான் அழுகிறேன், அதிகாரி கைகூப்புகிறார், கடைசியில் என் தங்கையின் இடது முஷ்டி. நாற்சந்திகளில் இருபதடி உயரப் பலகையில் அந்த முஷ்டி மட்டும் தனியாக நிற்கிறது, கீழே 'இதுவே எங்கள் சேவை' என்ற எழுத்தோடு. நான் படம் எடுத்து அனுப்பினேன். சிரித்துக் குலுங்கியே கைத் தையல் பிரிந்துவிடும், இனி அனுப்பாதே என்று தங்கை எழுதினாள்.

போன வாரம் வாசல் மணி அடித்தது. அதே லைன்மேன். பன்னிரண்டாவது புகாராம், பதினொன்றுக்குப் பழகிப்போய்த் தானாகவே பதிவாகிவிட்டதாம். என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, கட்டை விரலை உள்ளே மடக்கி, முஷ்டியை மூக்குக்கு நேராக இரண்டு முறை ஆட்டினார்.

"புது உத்தரவு சார். எங்க ஆளுங்க எல்லாரும் வாடிக்கையாளரப் பாத்ததும் நாங்க யாருன்னு இப்படித்தான் சொல்லணும்."

நானும் மரியாதையாகத் திருப்பிச் செய்து, உள்ளே வரச் சொன்னேன்.